டாங்கிள் தொலைந்த கீபோர்டு

நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று தொலைந்தால் என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது?

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருடமாக டாலியில் பில் ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கரைக் கேட்டால் தெரியும். படித்தது பி.காம். வயது முப்பத்தி நாலு. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு வவுச்சர். மஞ்சள் மண்டி பில், ஜவுளிக்கடை பில், லாரி வாடகை ரசீது... எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் போகும். மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. இந்த இரண்டு தேதிக்கும் முந்தைய நாலு நாள் அவர் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான்.

பதினோரு வருடம் அடித்தால் கை சும்மா இருக்குமா? மணிக்கட்டில் வலி. ராத்திரி தூக்கத்தில் விரல் மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் மைத்துனர் ஒரு தீபாவளிக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது தான் உபயோகித்த கீபோர்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மைக்ரோசாஃப்ட் ஸ்கல்ப்ட் எர்கோனாமிக். 2013-ல் வந்த மாடல். முதல் முறை பார்ப்பவர்கள் 'வெயிலில் வைத்து வளைஞ்சு போச்சா?' என்றுதான் கேட்பார்கள்!

நடுவில் பிளந்து, மேடு மாதிரி எழும்பி, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். வெறும் அழகுக்காக இல்லை. சாதாரண கீபோர்டில் இரண்டு கையும் நடுவில் வந்து சேர வேண்டியிருப்பதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்தே இருக்கிறது. கீக்களைப் பிளந்து சாய்த்து வைத்தால் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே நேர்க்கோடு. 1994-லேயே நேச்சுரல் கீபோர்டு என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் ஆரம்பித்த விஷயம் இது. ஸ்கல்ப்டில் இன்னொன்றும் உண்டு. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு கட்டையை முன்பக்கம் மாட்டினால், கை வைக்கும் பக்கம் உயர்ந்து கீக்கள் பின்னால் தாழும். மற்ற கீபோர்டுக்கெல்லாம் கால் பின்பக்கம், இதற்கு முன்பக்கம். கீபோர்டு மாற்றினால் வியாதி குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் கைக்கு ஒத்துவந்தது. இரண்டு மாதத்தில் ராத்திரி எழுந்து உதறுவது நின்றுபோனது.

அதில் மூன்று சாமான் உண்டு. கீபோர்டு, உருண்டையான மவுஸ், தனியாக ஒரு சின்ன நம்பர்பேடு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு யுஎஸ்பி டாங்கிள்.

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வேலை முடியாததால் மொத்த செட்டையும் வீட்டுக்கு எடுத்துப்போனார். டாங்கிளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பையில் பெட்ரோல் பங்க் ரசீது இருந்தது, சில்லறை இருந்தது. டாங்கிள் இல்லை.

சட்டையை உதறி, ஸ்கூட்டரைத் தள்ளி, வந்த வழியில் டார்ச் அடித்து... ம்ஹூம்.

சரி, வேறு டாங்கிள் வாங்கிப் போட்டால் போச்சு என்றுதான் நினைத்தார். அங்கேதான் சிக்கல். ஸ்கல்ப்ட் டாங்கிள் தனியாக விற்பனைக்குக் கிடையாது. ஃபேக்டரியிலேயே கீபோர்டுக்கும் டாங்கிளுக்கும் கல்யாணம் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். பழைய செட் ஒன்றைத் தேடிப்பிடித்து அதன் டாங்கிளைச் செருகினாலும் அது தன் ஜோடியோடு மட்டும்தான் பேசும்.

இதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. கீபோர்டிலிருந்து டாங்கிளுக்குக் காற்றில் போகும் ஒவ்வொரு எழுத்தும் ஏஇஎஸ் 128 பிட் முறையில் பூட்டி அனுப்பப்படுகிறது. அந்தப் பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015 ஜனவரியில் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் காட்டினார். சுவரில் செருகும் செல்போன் சார்ஜர் மாதிரியே ஒரு கருவி, பெயர் கீஸ்வீப்பர். பக்கத்தில் யாராவது மைக்ரோசாஃப்டின் பழைய வயர்லெஸ் மாடல்களில் டைப் அடித்தால் பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் அது பதிவு செய்துகொள்ளும். ஆக, பூட்டு வேண்டும். ஆனால் சாவி தொலைந்தால் வேறு சாவி செய்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கலாம் அல்லவா? லாஜிடெக் 2009-லேயே யூனிஃபையிங் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலும் பூட்டு உண்டு, தொலைந்தால் வேறு ரிசீவர் வாங்கி மறுபடி ஜோடி சேர்த்துக்கொள்ளலாம். முடியாத காரியம் இல்லை. செய்யவில்லை, அவ்வளவுதான்.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு சின்ன இடைச்செருகல். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டர் வகைச் சாமான்களுக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம். குறைந்துகொண்டே வரும் மதிப்பில் கழிப்பதால் அது எத்தனை வருடம் ஆனாலும் பூஜ்யத்துக்குப் போகாது. அந்தக் கணக்கர் நூறு முறை போட்டிருக்கும் கணக்கு. அவர் கீபோர்டு மட்டும் ஒரே சாயங்காலத்தில் பூஜ்யத்துக்குப் போனது. ஒரு கீ கூடப் பழுதில்லை, செல் கூடப் புதுசு!

புதிய செட் வாங்கலாமா என்று பார்த்தால், மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் கீபோர்டு, மவுஸ் விற்பதை நிறுத்துவதாக 2023-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜனவரியில் இன்கேஸ் என்ற கம்பெனி அந்த வடிவங்களில் சிலவற்றைத் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. அது ஈரோட்டுக்கு எப்போது வரும், என்ன விலைக்கு வரும்? மிச்சம் இருந்த பழைய ஸ்டாக்கைப் பதுக்கி வைத்திருந்தவர்கள் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு மனிதர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆபீஸில் கொடுத்த முந்நூறு ரூபாய் கீபோர்டுக்குத் திரும்பினார். மூன்றாவது வாரம் மரத்துப்போவது திரும்பியது.

அப்போதுதான் மைத்துனர் போனில் ஒரு விஷயம் சொன்னார். "மச்சான், தொலைஞ்சது ரேடியோ மட்டும்தான். கீ எல்லாம் நல்லாத்தானே இருக்கு? வயர் போட்டுரலாம். நிறையப் பேர் பண்ணியிருக்காங்க."

கீபோர்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு சாத்தியம் என்பது புரியும். எண்பது கீ இருந்தால் எண்பது வயர் ஓடுவதில்லை. எக்செல் ஷீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே சில கோடுகள், நெடுக்கே சில கோடுகள். ஒவ்வொரு கீயும் ஒரு செல். அதை அழுத்தினால் அந்தக் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். எட்டு குறுக்கு, பதினெட்டு நெடுக்கு என்று வைத்தால் 26 வயரில் 144 கீ வரைக்கும் கணக்கு தீர்ந்துவிடும். உள்ளே இருக்கும் சில்லு ஒவ்வொரு கோடாக மின்சாரம் வைத்து 'யாராவது தொட்டிருக்கிறீர்களா?' என்று நொடிக்குப் பல நூறு முறை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சில்லுக்குள் இருக்கும் புரோகிராம்தான் ஃபர்ம்வேர்.

ஆக, பழைய சில்லைத் தூக்கிவிட்டு, அதே கோடுகளை வேறு ஒரு சில்லோடு இணைத்து, அதற்கு நாமே ஃபர்ம்வேர் எழுதினால் கீபோர்டு மறுபடி பேசும். எழுதுவது என்றால் ஒன்றிலிருந்து எழுத வேண்டாம். க்யூஎம்கே என்று ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது, இலவசம். எந்த வயர் எந்த ஊசியில், எந்தக் கீ எந்த இடத்தில் என்று அட்டவணை கொடுத்தால் போதும். சில்லுக்கு ராஸ்பெரி பை பிகோ. 2021 ஜனவரியில் நான்கு டாலர் விலையில் வந்த பலகை. இணைப்பதற்கு 26 ஊசிகள் கொடுத்திருக்கிறார்கள். அகலம் 21 மில்லிமீட்டர், கீபோர்டில் போடும் இரண்டு சின்ன செல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. நீளம்தான் ஆறேழு மில்லிமீட்டர் அதிகம். ஆக, செல் இருந்த குழிக்குள்ளேயே இடம்! (அந்த ஆறு மில்லிமீட்டருக்காகப் பிளாஸ்டிக்கைக் கத்தியைச் சூடு பண்ணி அறுத்த கதை தனி.)

திறந்தார். ஒளிந்திருந்த ஒரு திருகைக் கவனிக்காமல் நெம்பியதில் கொக்கி ஒன்று ஒடிந்தது. உள்ளே பார்த்தால் வயரே இல்லை. எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி பிளாஸ்டிக் தாள், அதன் மேல் அச்சடித்த கோடுகள், அது வால் மாதிரி நீண்டு போய் சர்க்யூட் பலகையில் ஒரு சாக்கெட்டில் செருகியிருந்தது.

பேருந்து நிலையம் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பையனிடம் எடுத்துப்போனார். அவன் அந்த வாலைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டான். "இதுல சால்டரிங் வெக்க முடியாதுங்ணா, சுட்டா உருகிரும்." பிறகு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சாக்கெட்டை அப்படியே விட்டுட்டு, அது காலுல ஜம்பர் அடிச்சுக்கலாங்ணா. ஐசியை மட்டும் எடுத்துர்றேன்."

அதுதான் சரியான வழி. ரேடியோ சில்லை அப்படியே விட்டிருந்தால் அதுவும் பிகோவும் ஒரே கோட்டில் மாறி மாறிக் கேள்வி கேட்டு ஒன்றை ஒன்று கெடுத்திருக்கும். பையன் சாக்கெட்டைச் சுற்றி ஹீட் டேப் ஒட்டி, சூடான காற்றை ஊதி, சில்லைத் தூக்கினான். பிறகு பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு, தலைமுடி கனத்தில் செப்புக் கம்பியை ஒவ்வொரு காலாக வைத்தான். செல்போன் போர்டில் பழகிய கை. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கினான். "என்ன போன்ங்ணா இது?" என்று மட்டும் கடைசியில் கேட்டான்.

எந்தக் கீ எந்த இரண்டு வயரைத் தொடுகிறது என்று கண்டுபிடிப்பது அடுத்த வேலை. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துப் பார்த்தார், சத்தமே வரவில்லை. கம்பி அறுந்துவிட்டது என்று பயந்தே போனார். பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த கோட்டுக்கு செப்புக் கம்பியைவிடத் தடை அதிகம். பீப் அடிக்கும் அளவுக்கு மீட்டருக்கு அது போதவில்லை. ஓம் அளக்கும் பக்கம் திருப்பியதும் எண் வந்தது. அப்புறம் மைத்துனர் ஒரு குட்டிப் புரோகிராம் அனுப்பினார். ஒவ்வொரு ஊசியாகத் தாழ்த்தி, எது சேர்ந்து தாழ்கிறது என்று பார்த்து, ஜோடியைத் திரையில் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு வீட்டில் நடந்தது அது. அவர் ஒவ்வொரு கீயாக அழுத்த, மனைவி திரையைப் பார்த்து "மூணு, பதினேழு... மூணு, இருபது..." என்று தம்போலா மாதிரி படிக்க, அவர் லெட்ஜர் தாளில் எழுதினார். பத்துக் கீ தாண்டியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். ஒவ்வொரு கீக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. டபுள் என்ட்ரி! 3 என்பது எப்போதும் இடது பக்கம் வருகிறது, 17-ம் 20-ம் எப்போதும் வலது பக்கம். எந்த எண்ணாவது இரண்டு பக்கத்திலும் வந்தால் எங்கேயோ தப்பு. இரண்டு இடத்தில் வந்தது. இரண்டு கால்களுக்கு நடுவில் ஈயம் ஒட்டியிருந்தது. பி.காம் வீண்போகவில்லை.

க்யூஎம்கேயில் அட்டவணையை அடித்து, கம்பைல் பண்ணி, பிகோவில் இருக்கும் வெள்ளைப் பட்டனை அழுத்திக்கொண்டே யுஎஸ்பியில் செருகினால் அது பென்டிரைவ் மாதிரி கம்ப்யூட்டரில் தெரியும். ஃபைலைத் தூக்கிப் போட்டால் முடிந்தது. நோட்பேடைத் திறந்து தன் பெயரை அடித்தார். வந்தது. முதல் எழுத்து மட்டும் தப்பு.

நெடுக்குக் கோடு இரண்டு இடம் மாறியிருந்தது. ஐந்து நிமிட வேலை.

இன்னொரு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த மாதிரி பிளாஸ்டிக் தாள் கீபோர்டில் கீக்கு ஒரு டயோடு கிடையாது. அதனால் ஒரு சதுரத்தின் மூன்று மூலைக் கீக்களைச் சேர்த்து அழுத்தினால் அழுத்தாத நாலாவது மூலையும் அழுத்தியது மாதிரி தெரியும். பேய்க் கீ என்று இதற்குப் பெயர். க்யூஎம்கேயில் இதற்கென்று ஒரு வரி இருக்கிறது, சேர்த்துவிட்டால் சந்தேகமான கீயை அனுப்பாமல் நிறுத்திவிடும். கணக்கு எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயமா? அழுத்தாத பூஜ்யம் ஒன்று பில்லில் ஏறினால் யார் பதில் சொல்வது?

இனிமேல்தான் சுவாரசியம். டாங்கிள் போனதில் நம்பர்பேடும் செத்துவிட்டது அல்லவா? டாலியில் வேலை செய்பவருக்கு நம்பர்பேடு இல்லாவிட்டால் ஒரு கை இல்லாத மாதிரி. ஃபர்ம்வேர் நம் கையில் இருக்கும்போது கவலை எதற்கு? எழுத்துக் கீக்களுக்கே இரண்டாவது அடுக்கு ஒன்று வைத்தார். கேப்ஸ் லாக்கை அழுத்திப் பிடித்தால் யு, ஐ, ஓ என்பவை 4, 5, 6. ஜே, கே, எல் என்பவை 1, 2, 3. எம் பூஜ்யம். சட்டென்று தட்டிவிட்டால் அதே கேப்ஸ் லாக் எஸ்கேப். எவ்வளவு நேரம் பிடித்தால் 'பிடித்தது', எவ்வளவில் விட்டால் 'தட்டியது' என்பதும் நாமே வைப்பதுதான். க்யூஎம்கே தானாக வைத்திருப்பது 200 மில்லிசெகண்ட்.

ஸ்கல்ப்டில் எல்லோரும் திட்டுவது மேல் வரிசை எஃப் கீக்களை. ரப்பர் பொத்தான் மாதிரி குட்டி குட்டியாக இருக்கும், அழுத்தினால் விரல் வலிக்கும். டாலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். நாள் முழுவதும் அங்கேதான் விரல் போகும். அவற்றையும் அதே அடுக்கில் இடது கைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார். மைக்ரோசாஃப்ட் செய்து கொடுத்ததைவிட இப்போது அவர் வேலைக்கு அது பொருத்தம்.

தமிழில் அடிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எச் கீயை அழுத்தினால் 11 என்ற எண் போகும். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தமிழ்99-ல் இருந்தால் அது 'க' ஆகிவிடும். தமிழ்99-ல் உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில் என்பதால் பிளந்த கீபோர்டில் அடிப்பது இன்னும் சுகம்.

செப்டம்பர் 17-ம் தேதி ஆபீஸுக்குக் கொண்டுபோனார். 3பி-க்கு மூன்று நாள். ஆடிட்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏப்பா, வயர் இல்லாத கீபோர்டுதானே இது? வயர் எப்படி முளைச்சுது?"

"டாங்கிள் தொலைஞ்சிருச்சுங்க சார். அதான்..."

"ஃபைலிங் முடியற வரைக்கும் ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாதுங்க சார்."

பத்தாவது நிமிடம் ஆகிவிட்டது. தொகையை அடித்தால் எண் வராமல் கர்சர் மேலும் கீழும் குதித்தது. சால்டரிங் விட்டுவிட்டது என்று நினைத்து அவருக்கு வியர்த்துவிட்டது. அவசரமாக முந்நூறு ரூபாய் கீபோர்டைச் செருகி அன்றைய வேலையை முடித்தார். ராத்திரி யோசித்தபோதுதான் பிடிபட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நம்லாக் ஆன், ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆஃப். அவர் அட்டவணையில் வைத்திருந்தது நம்பர்பேடு 8. நம்லாக் ஆஃப் ஆகியிருந்தால் நம்பர்பேடு 8 என்றால் மேல் அம்புக்குறி! மேல் வரிசையில் இருக்கும் சாதாரண 8-க்கு நம்லாக்கெல்லாம் கிடையாது. பத்து எண்ணையும் மாற்றி, கம்பைல் பண்ணி, மறுபடி ஏற்றினார். அதே ராத்திரி இன்னொன்றையும் மாற்றினார். கேப்ஸ் லாக்கைச் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டே இருந்ததில் இடது கை வலித்தது. வலிக்காமல் இருக்கத்தானே இத்தனையும்? வலது பக்க ஆல்ட்டை ஒரு முறை தட்டினால் எண் அடுக்கு, மறுபடி தட்டினால் எழுத்து என்று வைத்துவிட்டார்.

18-ம் தேதியிலிருந்து அந்தக் கீபோர்டுதான். 20-ம் தேதி சாயங்காலம் கடைசி 3பி போனது. ராத்திரி உதறுவது உடனே நிற்கவில்லை. நவம்பர் வாக்கில் குறைந்தது.

2025 பிப்ரவரியில் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஆர்சி கவரை எடுத்தபோது உள்ளேயிருந்து டாங்கிள் விழுந்தது. பெட்ரோல் போட்ட அன்று சட்டைப்பையில் இருந்ததை ரசீதோடு சேர்த்து எடுத்து, ரசீதைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு இதைக் கவருக்குள் சொருகியிருக்கிறார்!

செருகிப் பார்த்தார். மவுஸ் உடனே ஓடியது. நம்பர்பேடும் உயிரோடு வந்தது. கீபோர்டு வரவில்லை, வராது. டாங்கிளோடு பேசத் தெரிந்த சில்லு செல்போன் கடைக் குப்பையில் எப்போதோ போய்விட்டது.

மவுஸை இப்போது ஆபீஸில் உபயோகிக்கிறார். நம்பர்பேடு மேஜை டிராயரில் கிடக்கிறது. அதற்குச் செல் போடவில்லை.